கழுத்தை முதலில் திறந்தேன்

"கழுத்து நெரிக்கப்பட்டதால் மூச்சுத்திணறி இறப்பு." பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அந்த வரியை எழுதியவன் நான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய கால்வாய்ச் சரிவில் இறந்தவர் குப்புறக் கிடந்தார். தலை கீழே, கால் மேலே. முந்தின ராத்திரி மச்சானோடு குடித்துவிட்டுச் சண்டை போட்டார் என்று தெருவே சொன்னதாம். இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் கத்தியை எடுத்தேன்.

அன்று இன்னும் நாலு உடல்கள் காத்திருந்தன. அவசரத்தில் கழுத்தையே முதலில் திறந்தேன். தோலை விலக்கியதும் முன்கழுத்துத் தசையில், பீட்ரூட் சாறு பட்ட துணிபோல, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு திட்டு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. தோலில் நகக்கீறல் இல்லை, கழுத்திலுள்ள ஹையாய்டு எலும்பு உடையவில்லை. இதயத்தின் ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்ததை நானே அதே அறிக்கையில் எழுதியும் இருக்கிறேன். தசையில் ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக்கூட அனுப்பவில்லை.

மண்டையையும் மார்பையும் முதலில் திறக்க வேண்டும். கழுத்துச் சிரைகளில் தேங்கிய ரத்தம் வடிந்த பிறகே தசைகளை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் நம் கத்தி கசியவிட்ட ரத்தமே அடிபட்ட காயம்போலத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் பிரின்ஸ்லூவும் கோர்டனும் 1951-லேயே எழுதிவைத்த எச்சரிக்கை அது. தலை தாழ்ந்து குப்புறக் கிடந்த உடலில், இறந்த பிறகு ரத்தம் இறங்கித் தேங்கியும் தசைக்குள் கசியும். இரண்டையும் படித்துத்தான் பரீட்சையில் தேறினேன்.

சில வாரம் கழித்துப் படங்களைப் பார்த்த மூத்த டாக்டர் கேட்டார்: "கழுத்தை எப்பப்பா திறந்தே?"

"முதல்லயே சார்."

"மண்டையை?"

"அப்புறம்தான் சார்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நானாவது அன்றே பேசியிருக்க வேண்டும். பெயர் கெட்டுவிடுமே என்று மேலும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இறப்புக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது என்று திருத்தி எழுதிக் கொடுத்தபோது, அந்த மச்சான் புழல் சிறையில் 84 நாள் கழித்திருந்தார். லேத் பட்டறை வேலையும் போயிருந்தது.

அந்தத் திட்டு எப்படி வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய வழியை என் கத்தி அழித்துவிட்டது.

பிணவறைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளே, கதை சொல்ல வருபவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கழுத்தைக் கடைசியில் திறங்கள்.