எண்ணூர்: ஆற்று வாயில் ஒரு துறைமுக நகரம்

கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயில் எண்ணூர் நிலையத்தை விட்டு வடக்கே நகர்ந்ததும் கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ஏறும். அந்தச் சில நிமிடங்கள் கதவோரம் நின்று பார்த்தால் ஊரின் கதை மொத்தமும் கண்ணில் படும். கிழக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், உயரழுத்த மின்கோபுரங்கள், நிலக்கரி வரும் கன்வேயர். கீழே அகன்று கிடக்கும் உப்புத்தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் மனிதர்கள். பெண்களில் பலர் இருளர். காலாலும் கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். வலை இல்லை, படகு இல்லை. சேறு நன்றாக இருந்தால்தான் இந்தத் தொழில் நடக்கும்.

சேறு கெட்டது எப்படி என்பதுதான் எண்ணூரின் கடந்த முப்பது ஆண்டுக் கதை.

சென்னையின் மூன்று ஆறுகளில் கூவத்தையும் அடையாற்றையும் பற்றித்தான் பேச்சு அதிகம். மூன்றிலும் பெரியது கொசஸ்தலையாறு. பூண்டியிலிருந்து வரும் அந்த ஆறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. தொடுவதற்கு முன் கழியாக விரிகிறது. சதுப்பு, அலையாத்திக் காடு, உப்பளம், வடக்கே பழவேற்காடு வரை போகும் பக்கிங்காம் கால்வாய் எல்லாம் சேர்ந்த நீர்ப்பரப்பு அது. மழைக்காலத்தில் பூண்டியில் மதகு திறந்தால் வெள்ளம் இங்கே வந்து பரவி நின்று, கடல் வற்றத்தின்போது வெளியேறும். ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும், அதோடு இறால் குஞ்சும் மடவையும் வரும். கரையில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நகரத்துப் புழுக்கத்திலிருந்து தப்பித்துக் காற்று வாங்க வந்த இடம் இது.

சுதந்திரத்துக்குப் பிறகு கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம். அந்த நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் முதன்மையாக எண்ணூர்த் துறைமுகம் திட்டமிடப்பட்டது. 2001இல் செயல்பாட்டுக்கு வந்த அதற்கு இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். பிறகு வல்லூர் அனல்மின் நிலையம். காட்டுப்பள்ளியில் ஒரு தனியார் துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம், தனித்தனி அனுமதி. காமராஜர் துறைமுகம் மத்திய அரசைச் சார்ந்தது, காட்டுப்பள்ளி மாநிலக் கடல்சார் வாரியத்தின் கீழ் வருவது, மின் நிலையங்கள் மின்துறையுடையவை, ஆறு நீர்வளத் துறையுடையது. கழி ஒன்றுதான். அதை ஒன்றாகப் பார்த்து, இது இவ்வளவுதான் தாங்கும் என்று சொல்லும் பொறுப்பு இவர்களில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

2011இல் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரித் தூசு ராயபுரம், பாரிமுனைப் பக்கம் வீடுகளில் படிகிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற வளாகமே அந்தத் துறைமுகத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அங்கே கையாளப்படக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ராயபுரத்து மக்களுக்கு அது நியாயம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சரக்கு எண்ணூருக்கு வந்தது. நகரின் ஒரு முனையில் இருந்த தூசு இன்னொரு முனைக்கு இடம் மாறியதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று எழுதிக்கொள்ள முடிந்தது, எண்ணூரில் ஊர் இருப்பது கணக்கில் வராததால்தான்.

கணக்கில் வராமல் போனதற்கு ஆவணமே உண்டு என்கிறார்கள் செயற்பாட்டாளர்கள். 1996இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் தந்த கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழி முழுதாக இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் ஏறக்குறைய 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு காணாமல் போனது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற தாள்களை வைத்து 2017இல் அவர்கள் குற்றம்சாட்டினார்கள். நீர் என்று குறித்த இடத்தில் கட்ட கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே நிற்கும். நிலம் என்று குறித்துவிட்டால் வழி திறந்துவிடும். அதே ஆண்டில்தான் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளி இந்தக் கழிக்கரையில் படமாகி வந்தது.

நிலமாக மாறியதில் பெரும்பங்கு சாம்பலுக்கு. நிலக்கரியை எரித்து மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கமிருக்கும் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய குழாய்கள் பல ஆண்டுகளாக ஒழுகின. ஒழுகிய சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்தது. சாம்பல் மூடிய இடத்தில் இறால் புதைந்து வாழ இடமில்லை, படகுக்கு ஆழமில்லை. முன்பு படகு போன இடங்களில் இப்போது இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியது இதற்காகத்தான்.

துறைமுகத்தோடு நேரடியாக வந்த இன்னொரு கேடு கண்ணுக்குச் சின்னது. எண்ணூர் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் கறுப்புச் சிப்பி. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வரும் தண்ணீரிலோ கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கழியின் அடியில் கம்பளம் விரித்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் படர்கிறது. அதன் விளிம்பு பிளேடு மாதிரி. கால் வைத்தால் கிழிக்கும். துழாவி இறால் பிடிக்கும் கைக்கு இதைவிட வேறு தடை வேண்டாம். உள்ளூர் மட்டிகளும் இதன் கீழ் மூச்சுமுட்டிப் போகின்றன. எண்ணூரிலிருந்து வடக்கே பழவேற்காடு வரைக்கும் அது போய்விட்டது. துறைமுகத்துக்கு அனுமதி தரும்போது தூசு, இரைச்சல் பற்றிக் கேட்கிறார்கள். கப்பல் இறக்கிவிடும் தண்ணீரில் என்ன உயிர் வருகிறது, அது பக்கத்துக் கழியில் என்ன செய்யும் என்ற கேள்வி மீனவர் காலில் ரத்தம் வந்த பிறகுதான் மேசைக்கு வந்தது.

விபத்துகளைப் பட்டியலிட எனக்கு மனமில்லை, ஆனாலும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடா எல்லாம் கறுத்தன. ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் முதலில் இறங்கி அள்ளியவர்கள் பெரும்பாலும் மீனவர்கள்தான், சாதாரண குவளையும் பீப்பாயும் வைத்துக்கொண்டு. தேசியத் துறைமுகம் ஒன்றையும் பெரும் சுத்திகரிப்பு ஆலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஊரில், எண்ணெய் கசிந்தால் எந்த அலுவலகம் எத்தனை மணி நேரத்தில் எங்கே மிதவைத் தடுப்பு போடும் என்பது ஊராருக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறைமுக வேலையை நம்பியும் இங்கே குடும்பங்கள் இருக்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சரக்கின் அளவு தெரியும். ஆனால் துறைமுகம் விரியும்போது கூடவே என்ன விரிய வேண்டும் என்று கேட்ட ஊர்கள் உலகில் உண்டு. ராட்டர்டாம் துறைமுகம் கடலை நிரப்பி 'மாஸ்ஃப்ளாக்ட 2' கட்டப் புறப்பட்டபோது, 2005 ஜனவரியில் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்ட முடிவைத் திருப்பி அனுப்பியது. இயற்கைக்கு வரும் பாதிப்பு போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது முக்கியமான காரணம். பிறகு திருத்தி எழுதிய திட்டத்தில் கடலடிப் பாதுகாப்புப் பகுதியும் புதிய மணல்மேடுகளும் சேர்ந்தன. நகரைச் சுற்றி 750 ஹெக்டேர் இயற்கைப் பரப்பும் பொழுதுபோக்கிடமும் உருவாக்குவது துறைமுகத்தோடு ஒரே தொகுப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம் கரையில் இதைவிடக் கடினமான விஷயம் ஒன்றும் உண்டு. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுதும் கூட்டிக்கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே அலைதடுப்புச் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் ஊரைத் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்ததும் இதனால்தான். ஆகையால் காட்டுப்பள்ளியில் எது கட்டினாலும் அதற்கு வடக்கே கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய மணல்திட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த ஏரியில் மீனவர்கள் 'பாடு' என்ற முறையில், யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். நீர் எவ்வளவு தரும் என்று பார்த்து, அதற்குள் பங்கு போடும் ஏற்பாடு அது. நகரத் திட்டத்தில் எனக்குக் காணக் கிடைக்காதது அந்த வரிசைதான்: முதலில் நீர், பிறகு பங்கு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலை நிரப்பி எடுப்பதும் அடங்கும். இதற்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. இன்னொரு பக்கம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2026க்குப் பிந்திய இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. அதன் வரைபடத்தில் கழியின் எல்லை முதலில் இடம்பெற வேண்டும், சாம்பல் மூடிய பரப்பையும் சேர்த்து. அந்த எல்லைக்குள் இதுவரை தந்த அனுமதிகள் அத்தனையையும் ஒரே தாளில் வைத்து, வெள்ளம் போக மிச்சமிருக்கும் அகலம் எவ்வளவு, காற்று இன்னும் எவ்வளவு தூசைத் தாங்கும் என்று கூட்டிப் பார்த்த பிறகே அடுத்த விண்ணப்பத்தைத் தொட வேண்டும். அடுத்த கருத்துக்கேட்புக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அந்தத் தாள் தமிழில், நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் படித்துப் பார்க்கக் கிடைக்க வேண்டும்.