விளையாட்டுக்கும் உண்டு ஒரு விஜயதசமி

நவராத்திரி நெருங்கும்போது திருச்சி சிங்காரத்தோப்பில் உள்ள பூம்புகார் விற்பனை நிலையத்தில் கொலு பொம்மைகள் அணிவகுக்கும். பெரியவர்கள் தசாவதாரத்தையும் அஷ்டலட்சுமியையும் விலை கேட்பார்கள். உடன் வந்த குழந்தைகளின் கண்களோ கட்டைவிரல் அளவுள்ள காய்கறிக் கூடையையும் மாட்டு வண்டியையும் விட்டு அகலாது. பெரியதொன்று உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறியதாகும்போது மனம் அதில் லயித்துவிடுகிறது.

திருவரங்கத்தில் ஸ்ரீரங்கநாச்சியார் கொலு மண்டபத்துக்கு எழுந்தருளும் அந்நாட்களில், வீதிகளில் உள்ள இல்லங்களிலும் சிறு உலகங்கள் பிறக்கின்றன. படிகளின் மேல் தெய்வங்கள் வீற்றிருக்க, கீழே தரையில் மண்ணைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்வெளி அமைப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி தெப்பக்குளமாகும். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்கள் அங்கே ஒரு சமையலறையை நிறைக்கும். மரப்பாச்சித் தம்பதியருக்குப் புத்தாடை கிடைக்கும்.

மேல்நாட்டிலும் இவ்வார்வம் உண்டு. புதுதில்லி நகரை வடிவமைத்த லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரே, இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை மாளிகையை உருவாக்கினார். இன்றும் விண்ட்சர் கோட்டையில் உள்ள அம்மாளிகையில் மின்விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வரும். ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும் கணக்கில் அது அமைந்தது. அதே கணக்கில் நம் 236 அடி ராஜகோபுரத்தைச் செய்தால், அது 19 அடி 8 அங்குலம் இருக்கும். எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. மீண்டும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால்தான் 20 அங்குலத்துக்குள் வந்து கொலுப்படியில் நிற்கும்.

உத்தர வீதி இல்லம் ஒன்றில் ஒரு பாட்டி, ஆண்டு முழுவதும் இத்தகைய சிறு பொருட்களைச் செய்து சேர்க்கிறார். தீப்பெட்டிகள் அலமாரியாகும்; பாட்டில் மூடி உருளியாகும். அருகிலேயே கல்லூரியில் படிக்கும் பேத்தி, கணினியில் சாகச விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பாள். "ஒருத்தி சொப்பு வெச்சுண்டு விளையாடறா, ஒருத்தி பொட்டி முன்னால உக்காந்து விளையாடறா. ஆத்துல பெரியவா யாருன்னே தெரியலை" என்பது தாத்தாவின் வாடிக்கையான குறை.

அப்பெண் விரும்பி ஆடும் 'ராஜி' என்ற விளையாட்டு புனேயில் உருவாகி 2020-இல் வெளிவந்தது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் ஒரு சிறுமியின் கதை அது. துர்க்கையும் மகாவிஷ்ணுவும் அக்கதையைச் சொல்லிச் செல்வதாக அமைத்திருக்கிறார்கள். இடையிடையே நிழற்பாவைக் கூத்தின் பாணியில் காட்சிகள் வருகின்றன.

"பாட்டி, அவளோட தம்பி பேர் கோலு, தெரியுமோ?"

"கொலுவா? அப்படின்னா மொதல்ல அவனைக் கண்டுபிடிச்சுக் கொண்டா. நம்மாத்துப் படியில ஒரு எடம் ஒழிச்சுத் தரேன்டீ."

பாட்டி இதை வேடிக்கையாகச் சொன்னாலும், இடர்களைக் கடந்து மேலே செல்லும் ஆட்டம் நம் மரபுக்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதம் வேறென்ன? அசுரர்களின் பெயர் தாங்கிய பாம்புகள் விழுங்கக் காத்திருக்கும். நற்குணங்கள் ஏணியாக நின்று ஏற்றிவிடும். உச்சியில் வைகுண்டம் இருக்கும். எத்தனை முறை சறுக்கினாலும் தாயக்கட்டையை மீண்டும் உருட்ட வேண்டும் என்பதே அது தரும் பயிற்சி.

பொம்மையும் நெடும்பயணமும் ஒன்றுசேர்ந்த வரலாறு ஒன்றும் திருவரங்கத்துக்கு உண்டு. கோயிலொழுகு கூறும் அவ்வரலாற்றில், படையெடுப்பின்போது அழகிய மணவாளனின் திருமேனி தில்லிக்குக் கொண்டு செல்லப்படுகிறது. சுல்தானின் மகள் அதைப் பொம்மையாக எண்ணித் தன் அந்தப்புரத்தில் வைத்து விளையாடுகிறாள். பெருமாளைச் சேவிக்காமல் உண்ணாத கரம்பனூர்ப் பெண் ஒருத்தி, திருமேனியைத் தொடர்ந்து தில்லி வரை நடந்தே செல்கிறாள். இருக்குமிடம் அறிந்து திரும்பி வந்து கோயிலாரிடம் தெரிவிக்கிறாள். பின்சென்ற வல்லி என்று போற்றப்படுபவள் அவளே. கோயிலார் தில்லி சென்று, ஆடல் பாடலால் சுல்தானை மகிழ்வித்துப் பெருமாளைப் பெற்று வருகிறார்கள். பிரிவாற்றாத இளவரசி பின்தொடர்ந்து வந்து அரங்கனின் திருவடியை அடைகிறாள். துலுக்க நாச்சியார் என்ற பெயரில் சித்திர வடிவில் இன்றும் அவள் அங்கே எழுந்தருளியிருக்கிறாள். அவள் பொருட்டு ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகின்றன.

பெருமாளே ஒரு பெண்ணின் கையில் பொம்மையாக இருக்கத் திருவுள்ளம் கொண்டார் என்றால், விளையாட்டை இழிவென்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை? உலகைப் படைப்பதும் காப்பதும் அவனுக்கு லீலை என்றல்லவா நம் ஆசாரியர்கள் அருளினார்கள்?

ஆயினும் தாத்தாவின் கவலையைப் புறந்தள்ள இயலாது. கைப்பேசி விளையாட்டுக்குப் படிப்பையும் உறக்கத்தையும் பறிகொடுக்கும் பிள்ளைகள் இன்று எத்தனையோ இல்லங்களில் உள்ளனர். எது தகும், எது தகாது என்று பெற்றோர் எவ்வாறு அறிவது? கொலுவே அதற்கு வழி காட்டுகிறது. ஒன்பது நாள் சீராட்டிய பொம்மைகளில் ஒன்றை விஜயதசமி இரவில் படுக்கவைக்கிறோம். மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். குழந்தைகள் முகம் வாடினாலும், "அடுத்த வருஷம் வரும்" என்று சொல்லிப் பெட்டியை மூடுகிறோம். பரமபதமும் வைகுண்டத்தை எட்டியதும் நிறைவுறுகிறது.

'ராஜி' போன்ற கதை விளையாட்டுகளுக்கும் முடிவு உண்டு. கனடாவின் டொரான்டோ நகரில் உருவாகி 2023-இல் வெளிவந்த 'வெண்பா' இன்னொரு சான்று. அங்கே குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அன்னையின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி முதலியவற்றைச் சமைக்க முயலும் கதை அது. ஓரிரு மணி நேரத்தில் நிறைவுற்று, ஆடியவரை அவரவர் வீட்டுச் சமையலறையை நினைக்க வைக்கிறது. இதற்கு மாறாக, முடிவே இல்லாமல், நாள்தோறும் வந்தால் பரிசு என்று ஆசை காட்டி அழைக்கும் விளையாட்டுகளும் உள்ளன. பரமபதத்தில் பாம்புக்குப் பின்னும் ஓர் ஏணி உண்டு. இவற்றிலோ ஏறுவதற்கு உச்சியே இல்லை.

ஆகவே, பிள்ளைகளின் கையிலிருந்து கருவியைப் பறிக்குமுன் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்கலாம்: "இது எங்கே முடியும், கண்ணா?" விடை இருந்தால் அந்த முடிவு வரை உடனிருந்து ரசிக்கலாம். இல்லையென்றால், பெட்டியை மூடும் நாளைப் பெரியவர்களே குறித்துக் கொடுக்க வேண்டும்.

நவராத்திரியின் 7-ஆம் நாள் தாயாரின் திருவடி சேவை. குழந்தைகளையும் அழைத்துச் சென்று சேவியுங்கள். திரும்பும்போது துலுக்க நாச்சியாரின் கதையைச் சொல்லுங்கள். பொம்மையில் தொடங்கிய அவளுடைய அன்பு அரங்கனின் திருவடியில் சென்று சேர்ந்ததைக் குழந்தைகள் மறக்கமாட்டார்கள்.