ஏரிக்குக் கீழே ஓர் ஊர்

லீமாவிலிருந்து வராஸுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பேருந்தில் எட்டு மணி நேரம். முதல் பாதி முழுக்கப் பசிபிக் கரையோரப் பாலைவனம்: மணல், கோழிப் பண்ணை, கரும்பு, மறுபடி மணல். பிறகு வண்டி கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. அதற்கப்புறம் ஏற்றம்தான். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே கொனோகோச்சா ஏரிக்கரையை எட்டியபோது எனக்குக் காது அடைத்து, நெற்றிப்பொட்டில் யாரோ சுத்தியால் தட்டுவது போலிருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் தன் துணி மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி கோகா இலையை என் உள்ளங்கையில் வைத்தார். மெல்லு, விழுங்காதே, கன்னத்தில் ஒதுக்கிக்கொள் என்று சைகை காட்டினார். வெற்றிலை ஒதுக்கும் பாட்டியின் பேத்திக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொனோகோச்சாவில் சாந்தா நதி பிறக்கிறது. நதி வடக்கே இறங்க, சாலையும் கூடவே இறங்குகிறது. இடப்பக்கம் பனியில்லாத கறுப்பு மலைத்தொடர், கோர்டில்லேரா நெக்ரா. வலப்பக்கம் வெள்ளை மலைத்தொடர், கோர்டில்லேரா பிளாங்கா. பெருவின் மிக உயரமான வாஸ்கரான் (6,768 மீட்டர்) அந்த வெள்ளை வரிசையில்தான் நிற்கிறது. வெப்ப மண்டலம் முழுவதிலும் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. இரண்டு தொடர்களுக்கும் நடுவே, 3,050 மீட்டர் உயரத்தில், அங்காஷ் பிராந்தியத்தின் தலைநகரமான வராஸ். எழுதும்போது முன்னால் ஒரு ‘எச்’ உண்டு, சொல்லும்போது அது இல்லை.

வராஸ் அழகான ஊர் என்று நான் சொல்ல மாட்டேன். பூசாத செங்கல் சுவர்கள், அடுத்த மாடிக்காகக் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துருக்கம்பிகள், ஹாரன் அடித்தபடி ஆள் ஏற்றும் வேன்கள். ஆனால் எந்தத் தெருவில் நின்று கிழக்கே பார்த்தாலும் அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் பனிச்சிகரம் தெரிகிறது. ஊருக்கு ஏன் இந்த அவசரக் கோலம் என்பது நான் தங்கிய வீட்டுக்காரம்மாள் மூலமாகத்தான் எனக்குப் புரிந்தது.

1970, மே 31. ஞாயிற்றுக்கிழமை. மதியம் 3 மணி 23 நிமிடம். 7.9 அளவில் பதிவான நிலநடுக்கம் முக்கால் நிமிடம் நீடித்தது. வராஸ் அப்போது மண்கட்டி வீடுகளும் குறுகிய சந்துகளுமான பழைய ஊர். வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூரை கொன்றது. வெளியே ஓடியவர்களைச் சந்தின் இருபக்கச் சுவர்களும் சாய்ந்து மூடின. அங்காஷ் முழுவதிலுமாக இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். வீட்டுக்காரம்மாளுக்கு அப்போது ஏழு வயது. கினிப்பன்றிகளுக்குப் புல் அறுத்து வரச்சொல்லி அம்மா வயலுக்கு அனுப்பியிருந்தாராம். “புல்லோடு திரும்பினேன். தெருவே இல்லை. தூசி மட்டும் நின்றது. புல்லை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தேன்.” ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். என்னால் அன்று அந்த ரொட்டியைச் சாப்பிட முடியவில்லை.

பழைய வராஸில் மிஞ்சியது ஒரே ஒரு தெரு. ஹோசே ஓலாயா தெரு. வெள்ளைச் சுவர், மர மாடம், கருங்கல் தரை என்று நூறடி நடந்தால் முடிந்துவிடுகிற தெரு. ஞாயிறு காலையில் அங்கே சாப்பாட்டுக் கடைகள் போடுகிறார்கள். குத்திய கோதுமையும் நாட்டுக்கோழியும் சேர்த்துக் கொதிக்கவிட்ட யுங்கா சூப் கிடைக்கிறது. தண்ணீரில் மாதக்கணக்காகப் புளிக்கப்போட்ட உருளைக்கிழங்கில் செய்யும் தோகோஷ் கஞ்சியும் கிடைக்கிறது. அதன் வாடை அடுத்த முக்குவரை வரும். உடம்புக்கு நல்லது என்று கிண்ணத்தை நீட்டினார்கள். இரண்டாவது வாயில் பழகிவிட்டது.

வராஸுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் மலை ஏற வருபவர்கள். நானும் அதற்குத்தான் போனேன். மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம். நான் போனது ஜூனில். சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கு வழியாக நான்கு நாள் நடை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கஷாபம்பா என்ற சிற்றூரில் சாமான்களைக் கழுதைகள்மேல் ஏற்றிக் கட்டினோம். கழுதை ஓட்டிகளை அரியேரோ என்கிறார்கள். எங்கள் அரியேரோவுக்கு அறுபதை நெருங்கிய வயது, டயர் ரப்பர் செருப்பு, அங்காஷ் கெச்சுவா மொழி. எங்களுக்காகக் கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுவார். அவரிடமிருந்து நான் முதலில் கற்ற சொற்கள் இரண்டு: ‘கோச்சா’ என்றால் ஏரி, ‘ரஹு’ என்றால் பனிமலை. இந்த இரண்டு சொல் தெரிந்தால் அந்த நிலத்தின் வரைபடத்தில் பாதியைப் படித்துவிடலாம்.

இரண்டாம் நாள் ஹதுன்கோச்சா ஏரியைத் தாண்டியதும் பசும்புல்வெளி சட்டென்று தீர்ந்துபோய்ச் சாம்பல் நிற மணல்வெளி வந்தது. அதில் வேரோடு சாய்ந்த மரங்கள் வெளுத்துக் கிடந்தன. 2012 பிப்ரவரியில் மேலே ஓர் ஏரி உடைந்து வந்த வெள்ளத்தின் தடம் அது. அரியேரோ கழுதைகளை நிறுத்தாமல் நடந்தார். தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பித் தொப்பியைத் தொட்டுக்கொண்டார்.

அன்று இரவு தௌலிபம்பாவில் கூடாரம், 4,250 மீட்டர். தலைக்கு மேலே தௌலிரஹு சிகரம். தண்ணீர்ப் புட்டி உறைந்துவிட்டது. தூக்கம் வரவில்லை, இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை மூச்சு தவறியது. நடுநிசி தாண்டியிருக்கும். லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற ஒரு சத்தம் மலையிலிருந்து புறப்பட்டு, நீண்டு, பள்ளத்தாக்கு முழுக்க உருண்டது. பனி சரிகிறது. நான் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் தலையை நீட்டினேன். அரியேரோ ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். போர்வையோடு, வாயை லேசாகத் திறந்து, ஒரு காதை மலைப்பக்கம் சாய்த்து. சத்தம் எந்தப் பக்கம் போகிறது, கூடுகிறதா குறைகிறதா, முடிவில் தண்ணீரில் விழுந்த ஓசை கேட்கிறதா என்று அளந்துகொண்டிருந்தார் என்பது மறுநாள் கேட்டபோதுதான் தெரிந்தது. அரை நிமிடம். “தூங்கு” என்றார். அவரும் படுத்தார்.

மறுநாள் புந்தா உனியோன் கணவாய், 4,750 மீட்டர். பாறைச் சுவரில் வாசற்படி அளவுக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான் கணவாய். கடைசி முந்நூறு மீட்டர் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருபது அடி வைப்பேன், கைத்தடியில் சாய்வேன். பாதி வழியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கற்கள் வழுக்கின, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. “போக்கோ ஆ போக்கோ, மாமீத்தா” என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அம்மா. கணவாயில் ஏறி நின்றபோது மேகம் விலகி, கீழே வந்த வழியில் பச்சைக் கல்லாக ஓர் ஏரி. அழுதுவிட்டேன். களைப்பில் வந்த அழுகை அல்ல அது.

நான்காம் நாள் வாக்கேரியாவில் வேன் பிடித்து, காகிதம் காகிதமாகச் செம்பட்டை உரியும் கெனுவால் மரங்களுக்கிடையே, யங்கனூக்கோவின் இரட்டை ஏரிகளைக் கடந்து யுங்காய் இறங்கினோம். இன்றைய யுங்காய் புதிய ஊர். பழையது ஒரு கிலோமீட்டர் தள்ளி மண்ணுக்கடியில் இருக்கிறது. 1970 நிலநடுக்கத்தில் வாஸ்கரானின் வடசிகரத்திலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து சில நிமிடங்களில் ஊரை மூடிவிட்டன. சுமார் 90 பேர் கல்லறைக் குன்றில் ஓடி ஏறித் தப்பினார்கள். சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த சுமார் 300 குழந்தைகளும் பிழைத்தார்கள். இறந்தவர்களைத் தோண்டி எடுக்கவில்லை. முழு ஊரையும் கல்லறை என்று அறிவித்து ரோஜாச் செடிகள் வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சதுக்கம் இருந்த இடத்தில் நடந்தேன். காலடியில் தெரு இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன என்ற நினைப்பில் பாதம் ஊன்றி நடக்க முடியவில்லை.

வராஸுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரம்மாளிடம் அந்த மணல்வெளியைப் பற்றிச் சொன்னேன். அவர் மாடிக்கு அழைத்துப்போய்க் கிழக்கே கையை நீட்டினார். பல்கரஹு, புக்கரன்ரா என்ற இரண்டு சிகரங்கள். “அவை இரண்டுக்கும் காலடியில் எங்கள் ஏரி இருக்கிறது, இஹீத்தா. போய்ப் பார்த்துவிட்டு வா.” இஹீத்தா என்றால் சின்ன மகளே.

எங்கள் ஏரி என்று அவர் சொன்னது பல்ககோச்சா. ஊரிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர், உயரம் 4,500 மீட்டருக்கு மேல். 1941 டிசம்பர் 13 காலையில் அதன் கரை உடைந்தது. கரை என்றால் பாறையல்ல. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து குவித்துவைத்த கல்லும் மண்ணும். வெள்ளம் வழியிலிருந்த இன்னோர் ஏரியையும் உடைத்துச் சேர்த்துக்கொண்டு கோஹுப் பள்ளத்தாக்கில் பாய்ந்து வராஸில் மூன்றில் ஒரு பங்கைக் கரைத்துவிட்டது. குறைந்தது 1,800 பேர் இறந்தார்கள். பல கணக்குகள் அதைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் பெரு அரசு மலை ஏரிகளைக் கண்காணிக்கப் பொறியாளர்களை நியமித்தது. அவர்கள் பனிக்கு நடுவே சுரங்கம் குடைந்து, கரை கட்டி, ஏரி ஏரியாக மட்டத்தை இறக்கினார்கள். உலகத்தில் வேறெங்கும் அத்தனை காலத்துக்கு முன்பே அந்த வேலையை அந்த அளவில் செய்ததாக நான் அறியேன். அதற்குக் கிடைக்க வேண்டிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பல்ககோச்சாவிலும் 1970களில் கரையைப் பலப்படுத்தி வடிகால் வைத்தார்கள். 1941க்குப் பிறகு ஏரியில் எஞ்சிய நீர் சுமார் 5 லட்சம் கன மீட்டர். 2009இல் அளந்தபோது 1.7 கோடி. பனியாறு உருகிப் பின்வாங்கப் பின்வாங்க ஏரி மலைப்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. வெள்ளை மலைத்தொடரின் பனிப்பரப்பு 1970களிலிருந்து ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிட்டது.

நான் ஏரியைப் பார்த்தபோது அது அமைதியாக இருந்தது. பின்னால் பனிச்சுவர் செங்குத்தாக எழும்பி நின்றது. கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்கள் பல வரிசையாகக் கரைமேல் ஏறி இறங்கி, உறிஞ்சிய நீரைக் கீழே விட்டுக்கொண்டிருந்தன. மிகச் சாதாரணமான குழாய்கள். தோட்டத்துக் கிணற்றில் பார்ப்பது போல. கரையோரம் கல் அடுக்கிய குடிசையில் காவலர் ஒருவர் இருந்தார். இரவும் பகலும் ஆள் உண்டு, மாறி மாறி வருகிறார்கள். உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார். ஒரு மூலையில் ரேடியோ, ஆணியில் மாட்டிய தொலைநோக்கி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம். நீர்மட்டக் கோலைப் பார்த்து, மலையைப் பார்த்து, நேரத்தை எழுதி, ஊருக்கு ரேடியோவில் சொல்வது அவர் வேலை. நோட்டைப் புரட்ட அனுமதித்தார். பக்கம் பக்கமாக ஒரே வாசகம்: “ஸின் நோவெதாத்.” சொல்வதற்குச் செய்தி ஏதுமில்லை.

இந்த ஏரியின் பேரால் ஒரு வழக்கும் நடந்தது. வராஸ் பக்கத்து விவசாயியும் மலை வழிகாட்டியுமான சவூல் லூசியானோ லியூயா, 2015இல் ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். உலகம் சூடானதில் அந்த நிறுவனத்தின் பங்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்கு ஏரித் தடுப்பு வேலைக்குப் பணம் தரட்டும் என்பதே கோரிக்கை. 2022இல் ஜெர்மன் நீதிபதிகளே வராஸுக்கு வந்து ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று ஹாம் உயர் நீதிமன்றம், அவர் வீட்டுக்கு இருக்கும் ஆபத்து போதிய அளவில் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. ஆனால் பெரும் புகை கக்கும் நிறுவனங்களை இப்படிப் பொறுப்பாக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தோற்ற வழக்கு என்று இதை என்னால் எழுத முடியாது.

1941 வெள்ளம் புரண்ட தடத்தின்மேல் இன்று தெருக்கள், பள்ளிக்கூடங்கள், சந்தை எல்லாம் இருக்கின்றன. ஏன் அங்கேயே கட்டினார்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்கிறார்கள். முதலில் நானும் கேட்டேன். ஊருக்கு மேலே சரிவில் வில்கவையின் என்ற கல் கட்டடம் இருக்கிறது. இன்காக்களுக்கு முந்தியது, ஆயிரம் ஆண்டு தாண்டியது, 1970லும் விழவில்லை. முன்னோர் பலர் சரிவுகளில்தான் வாழ்ந்தார்கள். மலைமக்களை ஊர்களில் திரட்டிக் குடிவைத்தது ஸ்பானியர் ஆட்சி. இன்றோ பள்ளத்தில்தான் வேலை இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. அதே மலைத்தண்ணீர்தான் அவர்கள் வயலுக்குப் பாய்கிறது, கான்யோன் தெல் பாத்தோவில் மின்சாரமாகிறது, கடலோரப் பாலைவனத்தைப் பச்சையாக்குகிறது. அதைவிட்டு எங்கே போவார்கள்?

கடைசி இரவு. பத்தரை மணிப் பேருந்துக்கு மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மாள் வழிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஏதோ உருண்டது. இடியோ, லாரியோ. அவர் கை நின்றது. வாய் லேசாகத் திறந்தது. ஒரு காது கிழக்கே சாய்ந்தது. நானும் மூச்சை அடக்கிக் கேட்டேன். சத்தம் தேய்ந்து போனது. அவர் பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.