எஞ்சினுக்குள் ஓர் அமானிதம்

அரபு மொழியில் 'ஹீலா' என்றொரு சொல் உண்டு. அதன் பன்மை 'ஹியல்'. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் இச்சொல்லைக் கேட்டதும் சற்றே எச்சரிக்கை கொள்வர். சட்டத்தின் சொல்லுக்குப் பணிந்ததுபோல் காட்டி அதன் கருத்திலிருந்து நழுவிக்கொள்ளும் தந்திரத்திற்கு அங்கே அதுவே பெயர். ஆயினும் இதே சொல்லுக்குக் கண்ணியமான மற்றொரு பொருளும் உண்டு. நீரை மேலேற்றும் பொறி, நாழிகை காட்டும் நீர்க் கடிகாரம் முதலியவற்றை அமைக்கும் கலையை முற்கால அறிஞர்கள் 'ஹியல்' என்றே வழங்கினர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் இக்கலை குறித்து நூல் செய்தனர். தியார்பக்ரில் அர்துகிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்ஜஸரீ 1206இல் தமது நூலை நிறைவு செய்தார். கல்வியையும் பயன் தரும் செயலையும் ஒருங்கிணைப்பது என்பதே அந்நூல் தலைப்பின் கருத்து. இரண்டு உருளைகள் மாறி மாறி நீரை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பு ஒன்றும் அதில் விளக்கப்பட்டுள்ளது.

ஆக, ஒன்றை இயங்கச் செய்யும் ஹீலா ஒன்று. ஒன்று இயங்குவதாகத் தோன்றச் செய்யும் ஹீலா மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை நாம் கிதாபுகளில் ஓதியிருந்தோம். கண்ணாரக் கண்டதோ ஒரு பழைய அம்பாஸிடர் காரின் அடியிலே!

அந்தக் கார் மர்ஹூம் வாப்பா அவர்கள் 1978இல் வாங்கியது. வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அமைப்பைத் தழுவிப் பிறந்த அம்பாஸிடர் 2014 வரை அங்கே உற்பத்தியாயிற்று. நமது காரில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அக்காலத்தில் நமது தெருவுக்கு அந்த ஒரு காரே இருந்தது. வாடகை என்று வாப்பா ஒரு காசும் வாங்கியதில்லை.

2015இல் வாப்பா வஃபாத்தானார்கள். அவர்கள் விட்டுச்சென்றவை பாகம் பிரிக்கப்படுமுன்னரே, 2017இல் நமது இளவலும் இறையழைப்பை ஏற்றார். ஒரு மகனும் ஒரு மகளும் எத்தீம்களாயினர். அவர்களுடைய பொருளைப் பேணும் வஸிய்யாக இளவல் நம்மையே நியமித்திருந்தார். காரை விற்றுவிடுவதென்று வாரிசுகள் எல்லோரும் முடிவு செய்தோம். விற்ற பணத்தில் இளவலின் பங்கைத் தனியே வகுத்து, அதில் அவர் மனைவிக்கும் உம்மாவுக்கும் உரியதைக் கொடுத்தபின் எஞ்சுவது அவ்விரு பிள்ளைகளைச் சேரும்.

பழைய கார்களில் ஆசையுள்ள கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் விலை பேசினார். அந்த நேரத்தில்தான் குறை தலைகாட்டியது. கார் பத்து மைல் ஓடிச் சூடேறியபின், நிறுத்தத்தில் எஞ்சின் மெல்ல ஓடும்போது எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிறு விளக்கு மினுக்கென்று எரிந்தது.

தரகர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார். "தடித்த ஆயிலை ஊற்றி, வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷரைப் போட்டுவிட்டால் விளக்கு எரியாது ஹஜ்ரத்! கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை தாங்கும். நீங்கள் செலவு செய்தால் எத்தீம் பிள்ளைகளின் பங்குதானே குறையும்?" என்றார்.

அவருடைய கடைசிச் சொல் நம்மைத் தைத்தது. எத்தீமின் பொருளைக் குறையாமல் காப்பது வஸிய்யின் கடமை. விற்கும் பொருளின் ஐபை, அதாவது குறையை, மறைக்காமல் சொல்வதும் விற்பவனின் கடமை. மறைத்து விற்றால், குறை வெளிப்பட்டபின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பாலபாடம். ஒரு கடமையைக் காரணம் காட்டி மற்றொரு கடமையைக் கொல்லச் சொன்னார் தரகர். ஹீலாவின் முதல் முகம் இதுவே.

நாம் காரை நமது ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் காக்கா அம்பாஸிடர்களோடே நரைத்தவர். அவர் எஞ்சினில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். சூடான நிலையில் மெல்ல ஓடும்போது முள் சதுர அங்குலத்திற்கு 5 பவுண்டுக்கே இறங்கியது. உடனே பம்பைக் குற்றம் சொல்ல அவர் ஒப்பவில்லை. "பேரிங் தேய்ந்திருந்தாலும் அழுத்தம் இறங்கும் ஹஜ்ரத்! இரண்டையும் பார்த்த பிறகே சொல்லவேண்டும்" என்றார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாத காழியின் நிதானத்தை அவரிடம் கண்டோம்.

காரைக் குழியின் மேல் நிறுத்தி, எண்ணெயை வடித்து, 'சம்ப்' எனப்படும் அடித்தொட்டியைக் கழற்றினார். பேரிங்குகளைத் திறந்து பார்த்து, அவை நலமே என்றார். பிறகு எஞ்சினின் அடிப்பாகத்தோடு ஆயில் பம்பைப் பிணைத்திருந்த மூன்று நட்டுகளைத் தளர்த்தி அதை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். உள்ளே நான்கு முனை கொண்ட சுழலி. அதைச் சூழ்ந்து ஐந்து குழிவு கொண்ட வளையம். கேம் ஷாப்டிலிருந்து வரும் சிறு தண்டு சுழலியைச் சுழற்ற, இரண்டுக்கும் இடையே உள்ள வெளி விரியும்போது எண்ணெய் உறிஞ்சப்படுகிறது, சுருங்கும்போது தள்ளப்படுகிறது. இவ்வளவே அதன் இயக்கம். அது தள்ளும் எண்ணெயே ஒவ்வொரு பேரிங்குக்கும் சென்று, இரும்பு இரும்போடு உரசாமல் மெல்லிய படலமாய் நின்று காக்கிறது.

காக்கா பீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக அந்த இடுக்கில் நுழைத்துக் காட்டினார். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐந்தாறு கூறு இடைவெளிதான் பொறுக்கலாம். இங்கோ அதைவிடத் தடித்த தகடும் தாராளமாய் நுழைந்தது. சூட்டில் இளகிய எண்ணெய் அவ்விடுக்கின் வழியே பின்னோக்கி ஒழுகிவிடும். தடித்த எண்ணெய் சில நாள் ஒழுகாமல் நிற்கலாம். ஆனால் தேய்ந்த இரும்பு மீண்டும் வளராது. விளக்கு அணைந்திருக்க, பேரிங்குகள் அரைபட்டுக்கொண்டிருக்கும்.

புதிய பம்புக்கும் கூலிக்கும் ஆன செலவைப் பருவமடைந்த வாரிசுகளாகிய நாமும் நமது சகோதரியரும் ஏற்றுக்கொண்டோம். பிள்ளைகளின் பங்கில் கை வைக்கவில்லை. தரகரின் கேள்விக்கு அதுவே விடையாயிற்று.

காக்கா புதிய பம்பை உலர்ந்தபடியே மாட்டிவிடவில்லை. அதனுள் எண்ணெய் நிரப்பி, கையால் சுழற்றி, பிறகே பொருத்தினார். வறண்ட பம்பு தானும் உறிஞ்சாது. முதல் சுழற்சியிலேயே தேயவும் தொடங்கிவிடும் என்றார். உறிஞ்சு குழாயின் சல்லடையைக் கழுவி, புதிய கேஸ்கெட் வைத்துச் சம்ப்பை மூடி, ஏறக்குறைய 4 லிட்டர் எண்ணெய் ஊற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாதவாறு வெறுமனே சுழற்றினார். மானியின் முள் எழுந்தது. அதன் பின்னரே பிளக்குகளை மாட்டி எஞ்சினைக் கிளப்பினார். நன்கு சூடேறி வேகமாய் ஓடுகையில் முள் 50ஐ ஒட்டி நின்றது. மெல்ல ஓடுகையில் 20க்குக் கீழே இறங்கவில்லை.

இளைஞர் வந்தபோது பழைய பம்பை ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தோம். என்ன குறை இருந்தது, என்ன மாற்றப்பட்டது, எவை இன்னும் பழையவை என்பதையெல்லாம் காக்காவே அவரிடம் எடுத்துரைத்தார். இளைஞர் பேசிய விலையையே தந்து காரை எடுத்துச் சென்றார். தரகர் மட்டும், எண்ணெய்க்குள் மறைந்து கிடக்கும் பொருளுக்கு இத்தனை பாடா என்று வியந்தார். மறைந்து கிடப்பதால்தான் அது அமானிதம் ஆகிறது. வாங்குபவன் குனிந்து பார்க்க இயலாத இடத்தில் விற்பவனுடைய ஈமானைத் தவிர வேறு காவல் ஏது?

பிள்ளைகளுக்குரிய தொகை தனிக் கணக்கில் இருக்கிறது. உரிய பருவம் வந்ததும் அதை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பணம் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டால், ஆதியோடந்தமாய்ச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. அல்ஹம்து லில்லாஹ்!