நாவு அவருடையது, எழுத்து நம்முடையது

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை. மஃரிபுத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய என் முன்னே, இளைய மகள் ஒரு தாளை வைத்தாள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப் பாதுகாப்பையும் போர்த்திறத்தையும் ஆய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே முதுகலை பயில வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். பின்னர், நாட்டின் பாதுகாப்புக் கொள்கையை வகுப்போருக்குக் குறிப்புகளும் உரைகளும் எழுதித் தரும் பணிக்குச் செல்ல வேண்டுமாம்.

"அத்தா, முப்பது ஆண்டுகளாக நீங்கள் செய்ததைத்தானே நானும் செய்யப் போகிறேன்? நீங்கள் ஊர் மேடைக்கு எழுதினீர்கள். நான் நாட்டுக்காக எழுதப் பார்க்கிறேன். சம்மதம் சொல்லுங்கள்" என்றாள்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் அறியாத ஒரு சுமை என் நெஞ்சில் கிடந்தது. அதை இறக்கி வைக்கவே இன்று எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கெழுதுவது என் பகல்நேரத் தொழில். இரவில் மேடைப் பேச்சாளர்களுக்கு உரை எழுதிக் கொடுப்பேன். இன்ன கட்சி என்று பார்த்ததில்லை. எங்கள் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் அது. 1993இல் விழுப்புரம் மாவட்டமானோம். 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. தனி மாவட்டம் வேண்டும் என்று முழங்கிய உரைகளிலும், கல்வராயன் மலை மக்களுக்குச் சாலையும் பள்ளியும் கேட்ட உரைகளிலும் என் எழுத்து இருந்தது. பேசியவர் பெயர் பெற்றார். நான் கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டலைக் கேட்டு மகிழ்ந்தேன். பெயர் வராத புகழிலும் ஒரு போதை உண்டு, அன்பர்களே!

அந்தப் போதைதான் என்னைத் தடுக்கி விழச் செய்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தல் சமயம். கூட்டம் நடப்பதற்குச் சில மணி நேரமே இருந்தது. எதிரணிக்கு வேண்டிய ஒரு வணிகர் அரிசியைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னதை யாரோ வந்து என்னிடம் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. எதுகையும் மோனையும் பொருந்தி வந்தன, எழுதிவிட்டேன். அன்றிரவு மேடையில் அந்த ஒரு வரிக்குத்தான் பெரிய கைதட்டல்.

அது பொய் என்பது சில நாட்களில் தெரிந்தது. ஆனால் அதற்குள் அந்தக் கடைக்கு வந்துபோன வாடிக்கையாளர்கள் வேறு கடைகளை நாடிவிட்டார்கள். அந்த மனிதரோ எங்கள் பள்ளிவாசலின் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். சுபுஹுத் தொழுகையில் என் தோளோடு தோள் சேர்த்து நிற்பவர். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. ஸலாம் சொல்லிக் கை கொடுப்பார். நானும் கை கொடுப்பேன். ஒருவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரிப்பதை இமாம் ஓதும்போதெல்லாம் என் தலை தாழ்ந்துவிடும்.

இதை அன்றிரவு மகளிடம் முதன்முதலாகச் சொன்னேன். "அரிசி மண்டியைப் பற்றிய ஒரு பொய் வரிக்கே இத்தனை கேடு. நீ எழுதப் போவதோ போரையும் சமாதானத்தையும் பற்றி. அந்தப் பாரத்தை உன்னால் தாங்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் கலங்கவில்லை. திருச்சியில் 1929இல் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, தில்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை வழிநடத்திய கே. சுப்ரமணியம் அவர்களைப் பற்றிச் சொன்னாள். 1999இல் கார்கில் போர் முடிந்தபின், எங்கே தவறினோம் என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான அணு ஆயுதக் கொள்கை வரைவும் அவர் தலைமையிலான ஆலோசனை வாரியம் தந்ததுதான். நாமாக முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை. நம்மீது எவரும் பயன்படுத்தினால் தண்டிக்கும் விதமாகப் பதிலடி தருவோம் என்றது அவ்வரைவு. 2003 ஜனவரியில் அரசு ஏற்று அறிவித்த வாசகத்திலோ அந்தப் பதிலடி 'மிகப் பெருமளவில்' இருக்கும் என்று வந்தது.

"பாருங்கள் அத்தா, மாறியது ஓர் அடைமொழிதான். அதற்குள் எத்தனை லட்சம் உயிர்கள் இருக்கின்றன! அந்த அடைமொழியை எழுதும் இடத்தில் இறையச்சம் உள்ள ஒருவர் இருக்க வேண்டாமா?" என்றாள்.

அவள் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நம் மார்க்க வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்ன? ஃபிர்அவ்னின் அவைக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம்மைவிட நாவன்மை மிக்க தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அனுப்புமாறு இறைவனிடம் வேண்டினார்கள் மூஸா (அலை) அவர்கள். அதிகாரத்தின் முன் நீதியைப் பேசச் சொல்வன்மை ஓர் ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கையையும் எண்ணிப் பார்த்தேன். எழுதியவர் அலீ (ரலி) அவர்கள். 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை மக்கத்துத் தூதுவர் சுஹைல் ஏற்க மறுத்தார். அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தாமே அழித்தார்கள்; 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்றே எழுதச் செய்தார்கள். உண்மை அதனால் குறைந்துவிடவில்லை. இரத்தம் சிந்தாமல் சமாதானம் பிறந்தது. எதை எழுதுவது என்பதோடு, எதை விட்டுக்கொடுப்பது என்பதையும் அறிந்தவரே நாட்டுக்காக எழுதத் தகுதியுடையவர்.

என் மனைவிக்கு வேறோர் அச்சம். "அந்த வாசலில் நம் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க மாட்டார்களா?" என்றாள். பல இல்லங்களில் பெண்மக்களின் விருப்பத்தை நிறுத்திவிடும் கேள்வி இது.

விடை நம் தமிழகத்திலேயே இருக்கிறது. 1962இல் சீனப் படையெடுப்பின்போது, தம் மகனையே போர்முனைக்கு அனுப்ப முன்வந்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களை நாடு அறியும். இராமேசுவரத்துத் தெருவிலிருந்து புறப்பட்ட அப்துல் கலாம் அவர்கள் 1992 முதல் 1999 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். 2002இல் குடியரசுத் தலைவரானார். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் ஆற்றும் உரை அமைச்சரவை ஆயத்தம் செய்வது. அதை அவர் வாசித்தாக வேண்டும். கலாம் அவர்களும் வாசித்தார். ஆனால் மாணவர்களிடம் பேசியபோது அது அவருடைய சொந்தச் சொல்லாக இருந்தது. 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சாய்ந்தார்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2009 ஜூன் 4இல் அமெரிக்க அதிபர் ஒபாமா கெய்ரோ பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் உலகை நோக்கி உரையாற்றினார். அதை எழுதியவர் பென் ரோட்ஸ். உருவாக்கத்தில் உதவியவர்களுள் ஒருவர் இந்திய வம்சாவளியினரான ரஷாத் ஹுசைன். இவர் திருக்குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிஸ். அதிபர் அவ்வுரையில் ஸலாம் கூறியபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. ஆயினும் அதன் பின்னரும் அந்நிலப்பகுதியில் போர்கள் ஓயவில்லையே! உரைக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டால் எழுதியவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

மகள் கடைசியாக ஒன்று சொன்னாள். "பாதுகாப்பு என்பது எல்லைக்கோட்டில் மட்டுமா இருக்கிறது அத்தா? 2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களுக்குப் பாதுகாப்பு எங்கே இருந்தது? இதையும் பாதுகாப்பு என்று எழுதுவதற்குத்தான் போக வேண்டும் என்கிறேன்."

அந்த வாரம் இரங்கல் கூட்டத்துக்கு உரை கேட்டு என்னிடம் இருவர் வந்தார்கள். எழுதவில்லை. மரித்தவர்களின் வீட்டு வாசலில் எதுகை தேட என் கை கூசியது. அதை மகள் கவனித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சம்மதம் சொன்னேன். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னேன்: "நீ எழுதுவதை வேறொருவர் வாசிப்பார், நாவு அவருடையது. ஆனால் மறுமையில் அவருக்கு ஒரு கேள்வி என்றால், எழுதிய உனக்கும் ஒரு கேள்வி உண்டு. விசாரிக்காத ஒரு வரியையும் எழுதாதே. மேலிடம் வற்புறுத்தினால், பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. அரிசி மண்டியில் கணக்கெழுத ஓர் இடம் எப்போதும் இருக்கும்."

"வந்துவிடுகிறேன் அத்தா. ஆனால் நீங்கள் முதலில் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும்" என்றாள் அவள்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. அந்த வணிகர் மவுத்தாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மறுநாள் சுபுஹுக்குப் பின் அவருடைய மகனின் கடைக்குச் சென்றேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அவருடைய தந்தையின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அத்தா இருக்கும்போது நீங்கள் வந்திருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. "அத்தாவுக்காக துஆ செய்யுங்கள்" என்று சொல்லிக் கை கொடுத்தார்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவருக்காக துஆ செய்கிறேன். மகள் சென்னையில் படிக்கிறாள். அவளுடைய எழுதுகோலையும் என் மிச்ச நாட்களையும் அல்லாஹ் உண்மையின் மீது நிலைநிறுத்துவானாக. ஆமீன்.