மகாவலித் தண்ணீரில் ஒரு நீச்சல் தடாகம்

வீட்டில் நீச்சல் தடாகம் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு குளோரின் போட வேண்டும்?" என்றுதான். "உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கண்டியில் இதற்கு விடை தெரியாமல் ஒரு கிராம் மருந்தும் போடக் கூடாது.

அனிவத்தையிலோ ஹந்தானை அடிவாரத்திலோ குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் மகாவலி. கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் நீர் அது. தேயிலை மலைகளிலிருந்து இறங்கி வருவதால் மென்மையானது. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். கல்சியமும் குறைவு, காரத்தன்மையும் குறைவு. கிழக்கே குண்டசாலை, திகன என்று போனால் கதை வேறு. அங்கே நிலத்துக்கடியில் பளிங்குப் பாறை, டொலமைட் தோண்டி எடுக்கும் பூமி. கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். இரண்டுக்கும் இடையில் இருபது கிலோமீற்றர் கூட இல்லை. ஆனாலும் இந்த இரண்டு தடாகங்களுக்கும் ஒரே வாளியிலிருந்து மருந்து போட முடியாது.

கல்சியம் ஹைப்போகுளோரைட் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 65 முதல் 70 வீதம் வரை பயன்படும் குளோரின் இருக்கிறது. கூடவே கல்சியமும் நீரில் இறங்கும். நகரத் தண்ணீருக்கு அந்தக் கல்சியம் வரம். கல்சியப் பசி கொண்ட மென்னீர் தன் பசியைத் தரை ஓடுகளுக்கு இடையிலுள்ள வெள்ளைச் சீமெந்தில் தீர்த்துக்கொள்ளும். சில வருடங்களில் இடுக்குகள் சொரசொரத்துக் கரையத் தொடங்கும். அதே தூளைத் திகனக் கிணற்று நீரில் தொடர்ந்து போட்டால் ஓட்டில் சுண்ணாம்பு படியும், வடிகட்டி மணல் கட்டிபிடிக்கும். அங்கே திரவக் குளோரின் நல்லது. அது வெயிலில் வீரியம் இழக்கும் பொருள் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும்.

ட்ரைகுளோர் வில்லைகளைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. மிதவையில் போட்டுவிட்டு வாரம் முழுவதும் மறந்திருக்கலாம் என்பதால் எல்லோருக்கும் அவை பிடிக்கின்றன. ஆனால் அவை அமிலத்தன்மை உடையவை. காரத்தன்மை ஏற்கெனவே குறைந்த மகாவலி நீரில், இருக்கும் கொஞ்சத்தையும் தின்றுவிடும். பிஎச் அலையாமல் பிடித்து வைப்பது காரத்தன்மைதான். அது போனால் இன்று 7.4, நாளை 6.8, கொஞ்சம் சலவைச் சோடா போட்டால் 8 என்று நீர் ஆட்டம் காட்டும். கண்டித் தடாகங்களில் நான் காணும் பெரும்பாலான தொல்லைகளின் வேர் இங்கேதான். மருந்து சாதாரண அப்பச்சோடா. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழம் என்றால் சுமார் 45,000 லீற்றர். அதில் காரத்தன்மையை 30 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 30 பங்கு) உயர்த்த ஏறக்குறைய 2.25 கிலோ வேண்டும். இரண்டு மாலைகளாகப் பிரித்துப் போடுங்கள். காரத்தன்மை 80க்கும் 120க்கும் இடையில் நின்றால் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு? குளோரின் நீரில் இறங்கியதும் இரண்டு உருவம் எடுக்கிறது. கிருமியை விரைவாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். மற்றது ஹைப்போகுளோரைட் அயன், மந்தமானது. எந்த உருவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 7.2இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமிலமாக இருக்கும். 7.5இல் பாதி. 8இல் கால் பங்குதான். ஆக, பிஎச் 8இல் நிற்கும் தடாகத்தில் நாலு ரூபாய்க்குக் குளோரின் போட்டால் ஒரு ரூபாய்க்குத்தான் உடனடி வேலை நடக்கிறது. பிஎச்சைச் சரியாக்கினால் அதே குளோரின் இரட்டிப்பாக வேலை செய்யும். அதனால்தான் என் ஒழுங்கு எப்போதும் ஒன்றே: முதலில் காரத்தன்மை, பிறகு பிஎச், கடைசியில் குளோரின்.

பரிசோதிப்பது தனிக் கலை. மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ திரவம் மலிவு. ஆனால் அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி பாவியுங்கள். முதல் வில்லை சுதந்திரக் குளோரினைச் சொல்லும், மூன்றாம் எண் வில்லை சேர்ந்தால் மொத்தம் தெரியும். இரண்டின் வித்தியாசம்தான் குளோரமின்: வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கூடி உண்டாவது. கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும் அதுதான். "குளோரின் வாசனை அதிகமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள்" என்பார்கள். அந்தத் தண்ணீருக்கு உண்மையில் இன்னும் குளோரின் வேண்டும். குளோரமின் அளவின் பத்து மடங்கை ஒரே மாலையில் கொடுத்தால்தான் அது உடையும். இறங்குமுன் எல்லோரும் உடம்பைக் கழுவிக்கொண்டால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

மாதிரியை முழங்கை ஆழத்தில், நீர் வந்து விழும் வாயிலிருந்து தள்ளி எடுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்துப் பாருங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் சிவப்பே வெளுத்துப்போகும். நிறமில்லையே என்று நினைத்து மேலும் கொட்டுவது ஆபத்து. சந்தேகம் வந்தால் மாதிரியில் பாதி வெறும் நீர் கலந்து மறுபடி பாருங்கள்.

"மழை பெய்து குளோரின் கழுவிப் போய்விட்டது" என்று கண்டியில் அடிக்கடி கேட்பேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒக்டோபர் மாலையில் இடியோடு 50 மில்லிமீற்றர் கொட்டினால் நான் சொன்ன தடாகத்தில் விழுவது 1,600 லீற்றர். 45,000இல் அது நாலு வீதத்துக்கும் குறைவு. அந்த அளவால் குளோரின் தீராது. தீர்ப்பது மழையோடு வரும் செம்மண்ணும் பலா இலையும் மேல் வளவின் உரமும்தான். நம் தடாகங்கள் பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டியவை. மேல்பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கான் வெட்டி நீரைத் திருப்பிவிட்டால், அது பல வாளி மருந்துக்குச் சமம். உரம் சேர்ந்த நீர் என்னவாகும் என்று பார்க்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. 1999இல் கண்டி வாவியே நீலப்பச்சைப் பாசியால் பச்சையாகியதை ஊரே பார்த்தது.

வெயில் மாதங்களான ஜனவரி முதல் மார்ச் வரை பிரச்சினை தலைகீழ். பாதுகாப்பு இல்லாத குளோரின் நேரடி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். சயனூரிக் அமிலம் அதற்குக் குடை பிடிக்கிறது. 30 முதல் 50 பிபிஎம் போதும். ஆனால் ட்ரைகுளோர் தரும் ஒவ்வொரு பிபிஎம் குளோரினோடும் 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்கிறது. குளோரின் ஆவியாகும், செலவாகும், இது போகாது. அளவு 100ஐத் தாண்டினால் குளோரினை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். சோதனையில் 3 காட்டியும் பாசி வளரும். அப்போது நீரில் ஒரு பகுதியை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. பவுசர் தண்ணீர் விலை தெரிந்தவர்களுக்கு அதன் வலி புரியும்.

2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. பம்பு ஓடாது, இறக்குமதி மருந்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. அந்த மாதங்களில் தாக்குப்பிடித்தவை காரத்தன்மை சரியாக இருந்த தடாகங்கள்தான். மாலையில் மின்சாரம் வந்ததும் குளோரின் போட்டு, சுவரைத் தூரிகையால் தேய்த்து, இரவு கிடைக்கும் நேரத்தில் நீரை ஓட்டினோம். இன்றும் அந்தி வேளையில் போடுவதையே விரும்புகிறேன். பொழுது சாய்ந்தபின் ஒரு முறையும் சூரியன் எழுமுன் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை. அப்படியும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. நீர் பச்சையாகுமுன்னே கிடைக்கும் எச்சரிக்கை அது. எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

தெளிந்த நீர் என்றாலே சுத்தம் என்று நம்ப வேண்டாம். 1 பிபிஎம் குளோரின் ஈ.கோலையை ஒரு நிமிடத்துக்குள் கொன்றுவிடும். ஹெப்படைட்டிஸ் ஏ கிருமிக்குப் பதினாறு நிமிடம் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாளுக்கும் மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைத் தடாகத்தில் இறக்கவே கூடாது.

அடுத்த வாளி மருந்து வாங்குமுன் ஒரு டிபிடி பெட்டியும் காரத்தன்மைச் சொட்டு மருந்தும் வாங்குங்கள். ட்ரைகுளோரையும் கல்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள். கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலத்தை வேறு அறையில் வையுங்கள். எதைக் கரைத்தாலும் வாளியில் முதலில் நீர், பிறகு மருந்து. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.