எண்ணும் பெயரும்

நுழையும்முன்

வீரம் என்றதும் வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. குண்டுமழைக்கு நடுவே காயமுற்றவரைத் தோளில் சுமந்து திரும்பிய கைகள் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அக்கைகளுக்கு ஒரு நாடு வழங்கிய பதக்கங்களையும், அவற்றுக்கு உரியவர்களைத் தேடிக் கண்டறியும் ஆய்வுமுறையையும் பற்றியது இக்கட்டுரை.

மீட்டலும் வீரமே

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்கள் நிறைந்த நிலப்பகுதிகள். பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்கப் போராடி மாண்ட வீரர் பலரின் உருவங்கள் அக்கற்களில் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்துடைய நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் செய்த செயல் ஆகியன இடம்பெறும். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. மீட்டலுக்கெனத் தனித் திணை கண்ட மரபு நம்முடையது. பெயரும் செயலும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்பதால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வீரன் யார் என்பதை நம்மால் அறிய முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மனித உயிரை மீட்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்த நாடு சோவியத் ஒன்றியம். 1941 ஜூன் 22 அன்று செருமானியப் படைகள் அந்நாட்டினுள் புகுந்தன. இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 23 அன்று, பாதுகாப்புத் துறையின் 281ஆம் எண் ஆணை வெளிவந்தது. போர்க்களத்திலிருந்து காயமுற்றோரை வெளியே கொண்டுவரும் மருத்துவ உதவியாளர்களுக்கு உரிய விருதுகளை அவ்வாணை வரையறுத்தது. 15 பேரை மீட்டவருக்குப் போர்ப்பணிப் பதக்கம் அல்லது வீரப் பதக்கம். 25 பேரை மீட்டவருக்குச் செவ்விண்மீன் விருது. 40 பேரை மீட்டவருக்குச் செங்கொடி விருது. 80 பேரை மீட்டவருக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த விருதாகிய லெனின் விருது.

இவ்வாணையில் ஒரு நிபந்தனையும் இருந்தது. காயமுற்றவரை மட்டுமின்றி அவருடைய துப்பாக்கியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ஆயுதத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. நினைவிழந்து கிடக்கும் ஒருவரைத் தரையோடு தரையாக ஊர்ந்தபடியே இழுத்துவருவது அரிது. துப்பாக்கியையும் சேர்த்து இழுத்துவருவது அதனினும் அரிது. அவ்வாறு இழுத்துவந்தோருள் பள்ளிப்படிப்பை அண்மையில் முடித்த இளம்பெண்கள் பலர் இருந்தனர். போர்முனை மருத்துவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் பெண்களே.

அவர்களுள் ஒருவர் சினைதா துஸ்னலோபவா. 1920இல் பெலாரசில் பிறந்த அவர் 128 பேரைப் போர்க்களத்திலிருந்து மீட்டார். 1943 பிப்ரவரியில், காயமுற்ற தம் படைத்தலைவரை மீட்கச் சென்றபோது தாமே குண்டடிபட்டு, இரவு முழுதும் பனியில் கிடந்தார். கடுங்குளிர் அவருடைய கைகளையும் கால்களையும் பறித்தது. 1957இல் சோவியத் ஒன்றிய வீரர் என்னும் பட்டத்தையும், 1965இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் பிளாரன்சு நைட்டிங்கேல் பதக்கத்தையும் அவர் பெற்றார். அவர் வாழ்ந்த போலத்சுக் நகரில் இன்று அவருக்கு ஒரு நினைவு அருங்காட்சியகம் உண்டு.

எண் மட்டும் எஞ்சும்போது

துஸ்னலோபவாவின் பெயர் நிலைத்தது. ஆனால், விருது பெற்ற பல்லாயிரம் மருத்துவ உதவியாளர்களின் நிலை வேறு. செவ்விண்மீன் விருது வெள்ளியால் ஆனது. செந்நிறப் பூச்சுடைய ஐந்துமுனை விண்மீன். நடுவே துப்பாக்கி ஏந்திய வீரனின் உருவம். அதன் பின்புறத்தில் நாணயச்சாலையின் பெயரும் ஒரு வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். பெற்றவரின் பெயர் அதில் இராது, செயலும் இராது. மருத்துவருக்கும் பீரங்கி வீரருக்கும் ஒரே வடிவ விருதுதான். விருதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது யார் நெஞ்சில் இருந்தது என்று ஒருவராலும் கூற இயலாது.

விருதுடன் வழங்கப்பட்ட சிறு கையேட்டில்தான் பெயரும் எண்ணும் சேர்ந்திருந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் வறுமையுற்ற குடும்பங்கள் பல, தம் முன்னோரின் விருதுகளை விற்றன. கையேடு ஒருவரிடமும் விருது வேறொருவரிடமும் சென்று சேர்ந்தன. எண்ணுக்கும் பெயருக்கும் இடையிலிருந்த இழை அன்றே அறுந்தது. அரசு விருதுகளை விற்பதை இன்றைய ரஷ்யச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது.

அறுந்த இழையை முடிவதே நல்ல சேகரிப்பாளரின் பணி. அவர் முதலில் எண்ணைப் படிக்கிறார். அந்த எண், விருது உருவாக்கப்பட்ட காலத்துக்குப் பொருந்துகிறதா, பழைய எண்ணை அழித்துப் புதிதாகப் பொறித்த போலியா என்று ஆராய்கிறார். பின்னர், மாசுகோவுக்கு அருகிலுள்ள பதோல்சுக் நகரத்துப் பாதுகாப்புத் துறை ஆவணக்காப்பகத்தின் பதிவுகளைக்கொண்டு அவ்வெண்ணுக்கு உரியவரைத் தேடுகிறார். பெயர் கிடைத்தபின் பரிந்துரைத் தாள் துணைசெய்கிறது. பிறந்த ஆண்டு, பதவி, படைப்பிரிவு, எந்த நாளில் எந்த ஊருக்கு அருகில் எத்தனை பேரை மீட்டார் என்பன அத்தாளில் சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும். 2010 முதல் இத்தகைய தாள்களை இணையவழியே எவரும் காணலாம். தாளில் உள்ளதை அப்படியே ஏற்காமல், படைப்பிரிவின் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஆய்வாளரின் கடமை.

தேடல் நம் ஊரிலும்

செவ்விண்மீன் விருது இந்தியர்களையும் வந்தடைந்தது. போர்க்காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஈரான் வழியாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் பொருள்கள் சென்றன. அவ்வழியில் இந்தியப் படையின் போக்குவரத்துப் பிரிவினரும் பணியாற்றினர். அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம், இன்றைய உத்தராகண்டின் பித்தோராகர் பகுதியைச் சேர்ந்த அவில்தார் கஜேந்திர சிங் சந்த் ஆகிய இருவருக்கும் 1944இல் இவ்விருது வழங்கப்பட்டது. மருத்துவ உதவியாளர் காயமுற்றோரைச் சுமந்தார். போக்குவரத்துப் பிரிவு வீரர் பொருள்களைக் கொண்டுசேர்த்தார். இருவர் பணியையும் ஒரே விண்மீன் பெருமைப்படுத்தியது.

இந்தியப் படையினருக்கு ஆங்கிலேய அரசு வழங்கிய இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. அவ்வகையில் நம் தேடல் சற்று எளிது. எனினும் வேறொரு சிக்கல் உண்டு. தளியைச் சேர்ந்த போர்வீரர் ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடுவோர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. 1965இல்தான் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல்தான் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. போர்க்காலத்தில் தளி, சேலம் மாவட்டத்து ஊர். மேலும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி இது. ஒரே பெயரை எழுத்தர் மூவர் மூன்று வகையாக எழுதியிருக்கக்கூடும். நாட்டெல்லையும் மொழியும் அறியாதவர் கையில் சான்று இருந்தும் பயனில்லை.

ஆதலின், வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய பதக்கம் கிடந்தால் அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது முதற்பணியன்று. தேய்ப்பதால் எழுத்து அழியவும் கூடும். அதில் உள்ள எண்ணையும் எழுத்தையும் படியெடுக்க வேண்டும். உடனிருக்கும் தாள்களை அதனின்று பிரிக்காமல் வைக்க வேண்டும். அதனைப் பற்றி வீட்டின் மூத்தோர் கூறுவதை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பக்கக் குறிப்பே அப்பதக்கத்துக்கு உரியவரின் நடுகல் எழுத்தாக அமையும்.